கொல்லிமலை ஏறும் கேரவன்: குண்டனி நாட்டுப் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே படுத்து, நாள்கணக்கில் ஊர் சுற்றுவது நாமக்கல் மாவட்டத்துக்குப் புதிதல்ல. நாமக்கல்லில் பாடி கட்டிய லாரிகளில் அரிசி, பருப்பு, ஸ்டவ், பாத்திரம் எல்லாம் ஏற்றிக்கொண்டுதான் ஓட்டுநரும் கிளீனரும் குஜராத்துக்கும் அசாமுக்கும் போய்வருகிறார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் ஆழ்துளைக் கிணறு போட வடக்கே கிளம்பினால், ஊர் திரும்பப் பல மாதங்கள் ஆகும். அதே வாழ்க்கையைப் பிழைப்புக்காக இல்லாமல் ஆசைக்காக வாழ்ந்து பார்க்கக் குடும்பங்கள் கிளம்பியிருக்கின்றன என்பதுதான் இன்றைய புதுமை.

சினிமா படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி என்ற அளவில்தான் ‘கேரவன்’ நமக்கு அறிமுகம். கொரோனா காலத்தில் விடுதிகளுக்குப் போகத் தயங்கியவர்கள், சொந்தப் படுக்கையும் சொந்தக் கழிப்பறையும் கூடவே வரும் பயணத்தை யோசிக்கத் தொடங்கினார்கள். கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. 2022 தொடக்கத்தில் வாகமண்ணில் அந்த மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. மேலை நாடுகளில் இதற்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1885-ல், குதிரைகள் இழுக்கும் வீட்டு வண்டி ஒன்றை உல்லாசப் பயணத்துக்கென்றே கட்டவைத்து, இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்து வரை போனார். அந்த ஆசைக்கு வசதியாக அங்கே ஊருக்கு ஊர் தண்ணீர்க் குழாய், மின் இணைப்பு, கழிவு கொட்டும் தொட்டியோடு நிறுத்துமிடங்கள் உருவாகிவிட்டன.

கொல்லிமலைக்குப் போகிறவர் அந்த ஏற்பாடுகளை எதிர்பார்த்துக் கிளம்பக் கூடாது. அங்கே உங்கள் வண்டி நிற்கப்போவது ஒரு மலைவாழ் குடும்பத்தின் களத்திலோ, ஊர்ப் பொது இடத்திலோதான். ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க இரண்டு விஷயங்களைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கிறது: வண்டி சின்னதாக இருக்க வேண்டும், வண்டியிலிருந்து எதுவும் மண்ணில் விழக் கூடாது. இந்த இரண்டையும் கடைப்பிடித்தால் மலை உங்களுக்கு மிக நல்ல இடம்.

இடம் அறிவோம்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கொல்லிமலை, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் அகன்று கிடக்கும் மேட்டுநிலம். சங்க இலக்கியம் புகழும் வல்வில் ஓரி ஆண்ட மலை இது. குதிரை மேல் அமர்ந்த அவன் சிலை செம்மேட்டில் நிற்கிறது. மலை மேல் உள்ள ஊராட்சிகள் பதினான்கு. ஒவ்வொன்றின் பெயரும் ‘நாடு’ என்றே முடியும்: வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு என்று நீளும் வரிசையில் குண்டனி நாடும் ஒன்று.

செம்மேடும் சோளக்காடும் கடைவீதி, லாட்ஜ், பேருந்து நிறுத்தம் என்று பரபரப்பாக இருக்கும். குண்டனி நாடு அப்படிப்பட்ட இடமல்ல. சுற்றுலாப் பட்டியல்களில் பெரிதாக இடம்பெறாத நாடு அது. மலையாளி என்ற பழங்குடி மக்கள் வயலும் தோட்டமுமாக வாழும் சிற்றூர்களைக் கொண்டது. கேரவனில் வருகிறவருக்கு அதுவே பெரிய வசதி: சனி, ஞாயிறுகளில் அருவிப் பக்கம் வாகனங்கள் முட்டிமோதும்போது, நீங்கள் ஒதுக்குப்புறமான ஊர் ஒன்றில் தங்கிக்கொண்டு, பகலில் மட்டும் பார்க்க வேண்டிய இடங்களுக்குப் போய்வரலாம்.

எந்த வண்டி பொருந்தும்

அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து மலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது சோபா, டிவி, ஏசி ஆகியவற்றைப் பார்க்கும் முன் இந்த எண்ணை நினைவில் வையுங்கள். பேருந்து அடிச்சட்டத்தில் கட்டிய பெரிய கேரவன்கள் தேசிய நெடுஞ்சாலைக்கு அழகு. இங்கே அவை ஒவ்வொரு வளைவிலும் முன்னும் பின்னும் எடுத்துத் திரும்ப வேண்டியிருக்கும். பின்னால் வரும் அரசுப் பேருந்தும் மரவள்ளி லாரியும் காத்துக் கிடக்கும்.

நம் ஊரில் வாடகைக்குக் கிடைக்கும் கேரவன்களில் பல, ஃபோர்ஸ் டிராவலர் வேனை மாற்றியமைத்தவை. அந்த வேனின் பெயருக்குப் பின்னால் வரும் 3050, 3350, 4020 போன்ற எண்கள், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரத்தை மில்லிமீட்டரில் சொல்பவை. எண் சிறியதாக இருந்தால் வளைவில் திரும்புவது எளிது. கொல்லிமலைக்கு 3350-க்கு மேல் போக வேண்டாம். பின் அச்சுக்குப் பின்னால் வண்டி எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். வளைவில் திரும்பும்போது அந்த வால் பகுதிதான் தடுப்புச் சுவரில் உரசும். பின்னால் சைக்கிள் மாட்டும் சட்டம் இருந்தால் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

இரண்டு பேர் மட்டும் என்றால் ஈகோ, ஓம்னி போன்ற சிறு வேனில் பின் இருக்கையைச் சமப்படுத்திப் படுக்கை போட்டுக்கொள்வதே போதும். கூரைக் கூடாரம் பொருத்திய ஜீப் வகை வண்டிகளும் நல்லவைதான். காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் மட்டும் கூடாரம் தூங்க விடாது.

எடையையும் கணக்குப் போடுங்கள். நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ. ஜெனரேட்டர், பேட்டரி, மரச்சாமான், ஆறு பேர் என்று சேர்ந்துவிட்டால் இறக்கத்தில் பிரேக் படும் பாடு பெரிது. தண்ணீர்த் தொட்டியைக் கால்வாசி நிரப்பி மலை ஏறுவதே நல்லது. மீதியை மேலே போய் நிரப்பிக்கொள்ளலாம்.

சட்டமும் காகிதமும்

பழைய வேனை வாங்கி ஒரு பட்டறையில் விட்டுக் கட்டில், சமையல் மேடை எல்லாம் அடித்துக்கொண்டால் கேரவன் ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்பில் இதை உறுதிசெய்தது. மோட்டார் கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தர விதி இருக்கிறது. அதன்படி ஒப்புதல் பெற்ற வண்டியைத்தான் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேரவனாகப் பதிய முடியும். கழற்றி மாட்டக்கூடிய படுக்கைப் பலகை, எடுத்துவைக்கும் அடுப்பு போன்றவற்றைச் சாமான்களாகக் கொண்டுபோவது வேறு. இருக்கையை வெட்டி எடுப்பதும், கூரையை உயர்த்துவதும், எரிவாயுக் குழாயை நிரந்தரமாகப் பதிப்பதும் வேறு. பின்னதைச் செய்துவிட்டு விபத்து நேர்ந்தால், காப்பீட்டுக்காரர் முதலில் பார்ப்பது ஆர்.சி. புத்தகத்தைத்தான்.

வாடகைக்கு எடுக்கும்போது மஞ்சள் நம்பர் பலகை, எஃப்.சி. காலாவதி தேதி, பர்மிட், காப்பீடு ஆகிய நான்கையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிந்த கேரவனை வாடகைக்கு விடக் கூடாது. ஓட்டுநரோடு எடுத்தால், கொல்லிமலை ஏறிய அனுபவம் அவருக்கு உண்டா என்று கேளுங்கள். ஊட்டி ஓட்டியிருக்கிறேன் என்பது பாதி பதில்தான்.

ஏற்றமும் இறக்கமும்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரம். வனத்துறைச் சோதனைச்சாவடி அங்கேதான். அதைத் தாண்டியதும் வளைவுகள் தொடங்கி, சோளக்காட்டில் மேட்டுநிலம் வரும். அங்கிருந்து செம்மேடு பக்கம். இராசிபுரம் பக்கத்திலிருந்து முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு சாலையும் உண்டு. அதில் வளைவுகள் குறைவு. காரவள்ளிச் சாலையில் மண் சரிந்தால் போக்குவரத்தை அந்தப் பக்கம் திருப்பிவிடுவது வழக்கம். கொஞ்சம் நீளமான வண்டி வைத்திருப்பவர்கள் அதையே முதல் வழியாக வைத்துக்கொள்ளலாம். எந்தச் சாலையில் எந்த அளவு வண்டிக்கு அனுமதி என்பது மழைக்கும் சாலைப் பணிக்கும் ஏற்ப மாறும். புறப்படும் அன்று சோதனைச்சாவடியிலோ காவல் நிலையத்திலோ கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

டீசல், காற்று, தண்ணீர், மளிகை எல்லாம் சேந்தமங்கலத்திலேயே முடித்துவிடுங்கள். அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, உள்ளே ஒரு சுற்றுப் பாருங்கள்: அலமாரித் தாழ், ஃப்ரிட்ஜ் கதவு, அடுப்பு, பாத்திரம். இருபதாவது வளைவில் ஒரு டிராயர் திறந்துகொண்டு வந்தால் ஓட்டுகிறவர் கவனம் அங்கே போய்விடும். வாந்தி வரும் பிள்ளைகளை முன்னால் உட்காரவைத்து, பெல்ட் போட்டுவிடுங்கள். வண்டி நகரும்போது கட்டிலில் யாரும் படுக்கக் கூடாது.

ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கும். பலகை கண்ணில் பட்டதும் கியரைக் குறையுங்கள். ஹாரன் அடியுங்கள். மேலே அடுத்த திருப்பத்தைத் தலை நிமிர்த்திப் பாருங்கள். பேருந்தின் கண்ணாடியோ லாரியின் தார்ப்பாயோ தெரிந்தால் வளைவுக்கு முன்னாலேயே ஓரங்கட்டி நில்லுங்கள். வளைவுக்குள் இரண்டு நீள வண்டிகள் சந்தித்தால் யாராவது ஒருவர் பின்னெடுத்தே ஆக வேண்டும், பின்னால் பள்ளம். ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. ஆனால் அரசுப் பேருந்து ஓட்டுநர் கையை அசைத்து ‘நீ நில்லு’ என்றால் நில்லுங்கள். அந்த வளைவில் எந்த வண்டி எவ்வளவு இடம் எடுக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

இறங்கும்போதுதான் அதிக ஜாக்கிரதை தேவை. ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் பிரேக் ஆயில் கொதித்து, மிதி மெத்தென்று உள்ளே போகும். கருகிய வாசனை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், விரிசல் விடும். நியூட்ரலில் இறங்குவதும், இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவதும் உயிரோடு விளையாடுவது. ஏற்றத்துக்கு ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். மாலை நான்கு மணிக்கு அடிவாரத்தில் இருந்தால் அன்றைக்கு ஏற வேண்டாம்; கீழேயே தங்கிக் காலையில் ஏறுங்கள். பனிமூட்டமும் இருட்டும் சேர்ந்தால் எண் பலகைகூடக் கண்ணில் படாது.

எங்கே நிறுத்துவது

காப்புக் காட்டுக்குள் வண்டி நிறுத்தித் தங்குவதும், நெருப்பு மூட்டுவதும் குற்றம். சாலையோரக் காட்சிமுனைகளும் இரவு தங்கும் இடமல்ல; கரடி நடமாட்டம் உள்ள மலை இது. மிச்சம் இருப்பவை மூன்று: செம்மேடு, சோளக்காடு பக்கத்து விடுதிகளின் வளாகம், தனியார் தோட்டம், ஊருக்குள் ஒரு களம் அல்லது பொது இடம். புதிதாகப் போகிறவர்கள் முதல் இரவை விடுதி வளாகத்தில் கழிப்பது நல்லது. அறை ஒன்றை எடுத்துக்கொண்டால் குளியலுக்கும் சார்ஜ் போடவும் வசதி.

குண்டனி நாட்டுப் பக்கம் தங்க விரும்பினால் பகல் வெளிச்சத்தில் போங்கள். ஊர் முகப்பில் வண்டியை ஓரமாக விட்டுவிட்டு, ஒருவர் மட்டும் இறங்கிக் கடையில் கேளுங்கள். பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்:

“அண்ணா, அந்தக் களத்துல ராத்திரி மட்டும் வண்டிய நிறுத்திப் படுத்துக்கலாங்களா? காலைல கிளம்பிருவோம்.”

“எத்தன பேரு வந்திருக்கீங்க?”

“நாலு பேருங்க. அம்மா, வீட்டுக்காரி, பாப்பா. சமையலு, பாத்ரூம் எல்லாம் வண்டிக்குள்ளயே இருக்குதுங்க.”

“களம் எங்களுது இல்லீங்க. ஊர்க்கவுண்டர் தோட்டத்துல இருக்காரு, அவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கங்க. கோயில் பக்கம் மட்டும் விட்றாதீங்க.”

அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். ஊர்களை ஒட்டிச் சில இடங்களில் மரங்கள் அடர்ந்த தோப்பாகக் கோயில் காடுகள் இருக்கும். செருப்போடு உள்ளே போகக் கூடாது, விறகு பொறுக்கக் கூடாது, ஒதுங்கக் கூடாது. பார்ப்பதற்கு நிழலான, யாருமில்லாத, வண்டி நிறுத்த அருமையான இடமாகத் தெரியும்; அதனாலேயே வெளியூர்க்காரர் தெரியாமல் போய் நிற்பதும் அங்கேதான். கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

ஊர்க்கவுண்டர் சம்மதித்துவிட்டால் பணத்தைப் பற்றி நீங்களே பேசுங்கள். விருந்தாளியிடம் எப்படிக் கேட்பது என்று அவர் தயங்கலாம். லாட்ஜ் அறை வாடகையில் பாதியாவது கொடுப்பது நியாயம். மறுநாள் சாப்பாடு சமைத்துத் தர முடியுமா என்று அந்த வீட்டு அக்காவிடம் கேட்டு, அதற்கும் தனியாகக் கொடுங்கள். சாமை, தினை, கேழ்வரகு இந்த மலையின் பழைய பயிர்கள். மரவள்ளி பெருகியதில் அவற்றின் பரப்பு குறைந்துபோனது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்குள்ள விவசாயிகளோடு சேர்ந்து சிறுதானியங்களைக் காக்கப் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது. சாமைச் சோறு ஆக்கித் தரச் சொல்லிக் கேட்கும் பயணி, அந்த முயற்சிக்குத் தன் பங்கையும் சேர்க்கிறார்.

வண்டியை நிறுத்தும்போது முகப்பு சாலையைப் பார்த்திருக்கட்டும். இரவில் அவசரமாகக் கிளம்ப நேர்ந்தால் ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்காது. ஈர மண்ணில் நிறுத்தாதீர்கள். மழை பெய்தால் காலையில் டிராக்டர்தான் இழுக்க வேண்டும். பாட்டை அலறவிட வேண்டாம். ஒன்பது மணிக்கெல்லாம் ஊர் அடங்கிவிடும்.

தண்ணீரும் கழிவும்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

கொல்லிமலையின் ஓடைகள் சேர்ந்துதான் ஐயாறு ஆகிறது. அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் கீழே சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஆகாய கங்கையாக விழுந்து, அடிவாரத்தில் புளியஞ்சோலை வழியாகத் திருச்சி மாவட்டத்துக்குள் போகிறது. மேலே ஓடையில் ஒருவர் கொட்டும் சோப்புத் தண்ணீரும் கழிப்பறைக் கழிவும், கீழே குளிக்கும் பிள்ளைகளின் மேல் போய் விழும். ஊர்க்காரர்கள் ஊற்றுத் தண்ணீரையும் ஓடைத் தண்ணீரையும் நம்பி வாழ்பவர்கள். “காட்டுக்குள்ள கொட்டுனா மண்ணு குடிச்சிரும்” என்று சிலர் சொல்வார்கள். குடித்த மண் அதை ஊற்றுக்குத்தான் கொடுக்கும்.

கேரவனில் கழிவு இரண்டு வகை. பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீர் ஒன்று. கழிப்பறைக் கழிவு இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனித் தொட்டி இருக்கிறதா, அடியில் உள்ள வால்வு ஒழுகாமல் இருக்கிறதா என்று எடுக்கும் முன்பே பாருங்கள். சிறு வேன்களுக்குக் கையால் எடுத்துச் செல்லும் பெட்டிக் கழிப்பறை போதும். சுமார் 20 லிட்டர் பிடிக்கும். நான்கு பேருக்கு ஒன்றரை நாள் தாங்கும். நிறைந்ததும் விடுதிக் கழிப்பறையிலோ, கட்டணக் கழிப்பறையிலோ அங்கே பொறுப்பில் இருப்பவரைக் கேட்டு ஊற்றுங்கள். கட்டணம் கொடுங்கள், கழுவிவிட்டு வாருங்கள். அதற்கு வழியில்லாவிட்டால் கீழே கொண்டுவந்து வீட்டுக் கழிப்பறையில் ஊற்றுவதுதான் முறை. பெரிய வண்டியின் தொட்டி என்றால், கழிவுநீர் லாரிக்காரர் எங்கே கொட்டுகிறார் என்பதையும் கேளுங்கள். மலக்கசடு சுத்திகரிப்பு நிலையத்துக்கு எடுத்துப்போகிறவரிடம் மட்டும் கொடுங்கள்.

பாத்திரத்தை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினால் பாதித் தண்ணீர் போதும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்று கணக்கு வையுங்கள்: குடிக்க, சமைக்க, கழுவ, வாளியில் அரைக்குளியல். ஊர்க் குழாயில் பிடிப்பதானால், பெண்கள் குடம் வைத்திருக்கும் நேரத்தில் போகாதீர்கள். நண்பகலில் போங்கள், வரிசையில் நில்லுங்கள்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. சட்டம் இருக்கட்டும், சிப்ஸ் உறை, பிஸ்கட் உறை, குழந்தையின் டயாபர், நாப்கின் எல்லாம் மூடி போட்ட ஒரு வாளியில் சேரட்டும். அந்த வாளி உங்களோடு மலை இறங்கட்டும்.

மின்சாரமும் அடுப்பும்

இந்த மலையில் ஏசி தேவையில்லை. அதை விட்டுவிட்டால் மின்கணக்கு எளிதாகிவிடும். 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் சுமார் இரண்டரை யூனிட் நிற்கும். சிறிய ஃப்ரிட்ஜ், விளக்கு, மின்விசிறி, போன் எல்லாம் சேர்ந்து நாளுக்கு ஒரு யூனிட்டுக்குள் அடங்கும். ஆக, இரண்டு இரவு தாராளமாகப் போகும். இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்டால் ஒரு வேளைச் சமையலுக்கே அரை யூனிட் போய்விடும். கூரையில் சோலார் தகடு இருந்தாலும் பனிமூட்ட நாளில் அதை நம்ப வேண்டாம்.

எரிவாயுவுக்கு 5 கிலோ சிலிண்டர் போதும். நிமிர்த்தி வைத்துப் பட்டையால் கட்டுங்கள். வண்டி ஓடும்போது ரெகுலேட்டரை மூடி வையுங்கள். சமைக்கும்போது ஒரு கதவும் ஒரு ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். குளிருக்காகக் கரி அடுப்பையோ தணல் சட்டியையோ வண்டிக்குள் வைத்துக்கொண்டு படுக்கவே கூடாது. வாசனையே இல்லாத நச்சுப்புகை தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். 1,200 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 96 டிகிரியிலேயே கொதிக்கும். திறந்த பானையில் பருப்பு வேக நேரமாகும் என்பதால் குக்கரைக் கொண்டுபோங்கள்.

எப்போது போகலாம்

ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவு, சாலை உலர்வு, மிளகு பறிக்கும் காலம். முதன்முறை போகிறவர்களுக்கு இதுவே நல்ல பருவம். ஜனவரி இரவில் கம்பளி இல்லாமல் முடியாது. கோடையில் பலாப்பழம் வரும், கூட்டமும் வரும். ஆடிப்பெருக்கையொட்டி வல்வில் ஓரி விழா நடக்கும். விழா பார்க்க ஆசைப்பட்டால் கேரவனைக் கீழே விட்டுவிட்டுப் பேருந்தில் ஏறுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. மண்சரிவுக்கு வாய்ப்பு அதிகம். அருவி அழகாக இருக்கும் என்பதற்காக அந்த மாதங்களில் பெரிய வண்டியை ஏற்றாதீர்கள்.

இரண்டு இரவுத் திட்டம்

முதல் நாள்: காலை எட்டு மணிக்குள் காரவள்ளி. பத்து மணிக்குச் சோளக்காடு. சந்தையில் மலைவாழை, அன்னாசி, பருவமானால் பலா. செம்மேட்டில் விடுதி வளாகத்தில் வண்டியை நிறுத்திச் சமையல். மாலையில் வாசலூர்ப்பட்டிப் படகுத்துறை, சீக்குப்பாறைக் காட்சிமுனை. இரவு விடுதி வளாகத்திலேயே.

இரண்டாம் நாள்: அதிகாலையில் கிளம்பி அறப்பளீஸ்வரர் கோயில். கூட்டம் வருமுன் போனால் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்குவது சுலபம், ஏறி வர மூட்டு பலமும் மூச்சும் வேண்டும். நீர்வரத்து அதிகமானால் குளிக்கத் தடை இருக்கும், மீறாதீர்கள். வயதானவர்களுக்கு மாசிலா அருவி எளிது. மூன்று மணிக்குள் குண்டனி நாட்டுப் பக்கம் வந்து இடம் கேளுங்கள். இரவுச் சாப்பாடு ஊர் வீட்டில்.

மூன்றாம் நாள்: காலையில் வண்டியை எடுக்காமல் நடங்கள். மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக் கொடி, காப்பிச் செடி, தாழ்வில் நெல்வயல், சரிவில் மரவள்ளி என்று ஒரு மலை விவசாயியின் ஒரு வருட உழைப்பை ஒரே நடையில் பார்க்கலாம். மிளகும் தேனும் விளைவித்தவர் கையிலேயே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். பத்து மணிக்கு இறங்கத் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்கு நாமக்கல்.

புறப்படும் முன் சரிபார்க்க

• பிரேக் ஆயில், பிரேக் ஷூ, ஸ்டெப்னி உட்பட எல்லாச் சக்கரத்திலும் காற்று.
• சக்கரத்துக்குக் கொடுக்க இரண்டு மரக்கட்டை, இழுக்கும் கயிறு, ஜாக்கி, டார்ச்.
• ஆர்.சி., எஃப்.சி., காப்பீடு, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் அசலோ நகலோ.
• கழிவுத் தொட்டி வால்வு, மூடி போட்ட குப்பை வாளி, கையுறை.
• தீயணைப்பான்: சமையல் மேடைக்கு அருகில் அல்ல, கதவுக்கு அருகில்.
• முதலுதவிப் பெட்டி, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை, வாந்திக்கு எலுமிச்சை.
• சில்லறை நோட்டுகள். சிக்னல் இல்லாத இடத்தில் போனில் பணம் அனுப்ப முடியாது.
• போகும் வழியைக் காகிதத்தில் எழுதிய ஒரு தாள்.

ஊரைவிட்டுக் கிளம்பும் காலையில் கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வண்டியைப் பத்தடி முன்னால் நகர்த்திவிட்டு, இடம் கொடுத்தவரைக் கூப்பிட்டு, அது நின்ற மண்ணைச் சேர்ந்து பாருங்கள். எண்ணெய்த் துளி, காகிதம், சோற்றுப் பருக்கை எது கிடந்தாலும் அவர் கண்ணெதிரே எடுத்துவிடுங்கள். இந்த மலையில் கேரவன் பூங்கா ஒருநாள் வந்தாலும் வராவிட்டாலும், அடுத்த வண்டிக்குக் களம் கிடைக்குமா என்பதை முடிவுசெய்யப் போகிறவர் அவர்தான்.